ஹோம்ஸ்கூலிங் என்றால் ‘வீட்டுப் பள்ளி’ அல்ல

எங்கள் சபையின் மாத இதழுக்கு மெய்ப்பு பார்க்கும் வேலை சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. அமெரிக்காவில் எழுதப்பட்ட கட்டுரைகளை யாராவது தமிழாக்கி அனுப்புவார்கள், நான் பிழை திருத்துவேன். போன மாதம் வந்த ஒன்றின் தலைப்பு ‘கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏன் வீட்டுப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கின்றன?’ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் சொல்லிக்கொடுப்பதை ஆங்கிலத்தில் ஹோம்ஸ்கூலிங் என்பார்கள், அதைத்தான் இப்படிப் பெயர்த்திருந்தார்கள். இந்தச் சொல்லை இந்த ஆண்டில் மட்டும் நான்காவது முறையாகப் பார்க்கிறேன். அதற்கு முன்பு வந்த ஒன்றில் ‘வீட்டுப்பாடம்’ என்றே இருந்தது. அது பரவாயில்லை, யாருக்கும் உடனே தப்பு என்று தெரிந்துவிடும், அடித்துவிட்டு வேறு எழுதலாம். ‘வீட்டுப் பள்ளி’ அப்படியில்லை. பார்க்கச் சரியாக இருக்கிறது, அதனால்தான் அது நிலைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இதழை மடித்து உறையில் போட வரும் பெரியம்மா ஒருவர் அந்தத் தலைப்பை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “யாரு வீட்ல நடக்கு? எத்தன புள்ளைங்க வருது?”

அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவர் காதில் ‘பள்ளி’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது. ஞாயிறு பள்ளி, ஓய்வுநாள் பள்ளி, மே மாத லீவில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி. ‘வீட்டு’ என்ற அடைக்கும் வரிசை இருக்கிறது: வீட்டு ஜெபக்கூட்டம், வீட்டுச் சபை. இரண்டையும் சேர்த்தால் என்ன கிடைக்கும்? யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் பாய் விரித்து, தெருப் பிள்ளைகளைக் கூட்டி, பாட்டும் வசனமும் சொல்லித்தரும் ஒரு கூட்டம். ஊரில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான் அது. ஹோம்ஸ்கூலிங் அது இல்லை.

சரி, சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கில ‘ஸ்கூல்’ இலத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது, அங்கே அதன் முதற்பொருள் ஓய்வுநேரம். நம் ‘பள்ளி’யின் பழைய பொருள் படுக்கை, துறவியர் தங்குமிடம். மாங்குளத்துத் தமிழ் பிராமிக் கல்வெட்டிலேயே சமணத் துறவியரின் குகை இருப்பிடத்துக்கு இந்தச் சொல் வருகிறது. பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள், பள்ளிவாசல் எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஆக, தமிழில் ‘பள்ளி’ தொடக்கத்திலிருந்தே ஓர் இடத்தின் பெயர். ‘கல்வி’ அப்படி இல்லை, அது கல் என்ற வினையிலிருந்து பிறந்தது, கற்பதைக் குறிக்கிறது. இந்த ஒரு வேறுபாடு போதும் எனக்கு.

ஏனென்றால் ஆங்கிலத்தில் ‘ஸ்கூலிங்’ என்ற சொல்லில் கட்டடம் இல்லை, பிள்ளைக்குப் பாடம் புகட்டும் செயல்தான் இருக்கிறது. அதைப் ‘பள்ளி’ என்று பெயர்த்தவுடன் வீட்டுக்குள் மணி, வருகைப்பதிவு, கரும்பலகை எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அந்தப் பெற்றோர் வேண்டாம் என்று விட்டு வந்தது எதுவோ அதையே அவர்கள் வீட்டு வாசலில் பலகையாக மாட்டுகிறோம். இதுதான் என் முதன்மையான மனக்குறை. சொல் தப்பாகப் போனால் அவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்ற காரணமும் சேர்ந்து மறைந்துபோகிறது.

அந்தக் காரணத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-ல் அரசுப் பள்ளிகள் நடத்தும் ஜெபத்தையும், 1963-ல் வழிபாடாக நடக்கும் வேதாகம வாசிப்பையும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்த்தது. பரிணாமக் கொள்கை, பாலியல் கல்வி என்று அடுத்தடுத்து உரசல்கள் வந்தன. பலர் சபை நடத்தும் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை மாற்றினார்கள். ஆனால் வீட்டில் வைத்தே சொல்லிக்கொடுக்கலாம் என்ற பேச்சைப் பெரிதாகக் கிளப்பியவர்களில் ஒருவர் சபை ஆளே இல்லை. ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர், பிள்ளையிடம் இயல்பாக இருக்கும் ஆர்வத்தைப் பள்ளி கெடுக்கிறது என்று வாதாடியவர், 1977-ல் இதற்கென்றே ஒரு செய்தி இதழ் தொடங்கினார். கிட்டத்தட்ட அதே காலத்தில் ரேமண்ட் மூர், டோரத்தி மூர் என்ற அட்வென்டிஸ்ட் (சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் சபை) தம்பதியர், சின்னஞ்சிறு வயதில் பிள்ளையை வகுப்பறைக்கு அனுப்பாதீர்கள், வீட்டில் பெற்றோரோடு இருக்கட்டும் என்று எழுதினார்கள். குடும்ப வாழ்வைப் பற்றிப் பேசிவந்த கிறிஸ்தவ உளவியலாளர் ஜேம்ஸ் டாப்சனின் வானொலி நிகழ்ச்சியில் ரேமண்ட் மூர் பேசியதும் அது சுவிசேஷ சபைக் குடும்பங்களிடம் தீயாகப் பரவியது. 1983-ல் இந்தப் பெற்றோருக்காக வழக்காட ஒரு சட்டப் பாதுகாப்புச் சங்கமே உருவானது. 1993-க்குள் 50 மாநிலங்களிலும் அது சட்டத்துக்கு உட்பட்டதாகிவிட்டது.

அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் 2007-ல் எடுத்த கணக்கில் சுமார் 15 லட்சம் பிள்ளைகள் இப்படிப் படித்தார்கள். மத அல்லது ஒழுக்கப் போதனைதான் தங்களுடைய முதற்காரணம் என்ற பெற்றோர் 36 சதவீதம். 2016-ல் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டபோது மதப்போதனையை முதலில் வைத்தவர்கள் 16 சதவீதம், பள்ளியின் சூழலை வைத்தவர்கள் 34 சதவீதம். இரண்டு கணக்கிலும் பெற்றோர் பேசுவது பிள்ளை யாருடைய கையில் வளர்கிறது என்பதைப் பற்றித்தான்.

கிறிஸ்தவப் பெற்றோரைக் கேட்டால் அநேகமாக முதலில் எடுப்பது உபாகமம் 6-ஆம் அதிகாரம். “நீ அவைகளை உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து, நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்” என்று, தேவனுடைய கட்டளைகளைப் பற்றிப் போகும் வசனம். ‘கருத்தாய்ப் போதித்து’ என்பதற்கு எபிரெயத்தில் இருக்கும் வினையின் வேர்ப்பொருள் கூர்தீட்டுதல். கத்தியைத் தீட்டுவதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பதியவைப்பது. அந்த வசனம் பேசுவது உட்காருவது, நடப்பது, படுப்பது, எழுவது பற்றி. அதில் வகுப்பறை எங்கே இருக்கிறது? கட்டளை தகப்பனுக்கும் தாய்க்கும் வந்தது, அதை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கமுடியாது என்பது அவர்கள் வாதம். அதை ஏற்கலாம், மறுக்கலாம். பெயர்ப்பவருக்கு அதை மறைக்கும் உரிமை இல்லை.

டெக்சாஸில் இருக்கும் என் உறவினர் வீட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு குடும்பம் உண்டு, ஒரு காலைப்பொழுதை அவர்களோடு கழித்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் காலைத் தட்டுகளை எடுத்த கையோடு வேதாகமம் வைத்தார்கள், நால்வரும் ஆளுக்கொரு வசனம் வாசித்தார்கள். அப்புறம் பத்து வயதுப் பையன் தன் கணக்கைப் போட்டுக்கொண்டே தங்கைக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தந்தான். பின்னம் புரியவில்லை என்று அவன் முகம் சுளித்தபோது அம்மா மாவு அளக்கும் கோப்பைகளை எடுத்து வந்து, கால் கோப்பையை நாலு தரம் ஊற்றி ஒரு கோப்பையை நிரப்பிக் காட்டினார். மாவு மேசையெல்லாம் சிந்தியது, பையன் சிரித்தான், கணக்கு விளங்கிவிட்டது. அந்த மேசைக்குப் பெயர் ‘பள்ளி’ என்றால் எனக்கு ஒப்பவில்லை.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு, நியாயமாக அதையும் சொல்கிறேன். அதே டெக்சாஸில் வீட்டில் நடக்கும் படிப்பைச் சட்டம் தனியார் பள்ளி என்றே எடுத்துக்கொள்கிறது. லீப்பர் வழக்கில் 1987-ல் வந்த தீர்ப்பை மாநில உச்ச நீதிமன்றம் 1994-ல் உறுதி செய்தது. கலிபோர்னியாவிலும் பல பெற்றோர் தங்கள் வீட்டைத் தனியார் பள்ளி என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்துத்தான் நடத்துகிறார்கள். அப்படியானால் ‘வீட்டுப் பள்ளி’ சரிதானே என்று ஒரு மொழிபெயர்ப்பாள நண்பர் என்னோடு மல்லுக்கு நின்றார். அந்த ஏற்பாடு, கட்டாயப் பள்ளிச் சட்டத்தின் பிடியிலிருந்து குடும்பத்தைக் காக்கச் சட்டம் கண்டுபிடித்த வழி, அவ்வளவுதான். சட்டக் கட்டுரையில் ‘தனியார் பள்ளியாகக் கருதப்படும் வீடு’ என்று விரித்து எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் 1950-லேயே, லெவிசன் வழக்கில், ஒரு அட்வென்டிஸ்ட் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது என்ன சொன்னது? சட்டத்தின் நோக்கம் எல்லாப் பிள்ளைகளும் கல்வி பெறவேண்டும் என்பது, இன்ன முறையில் இன்ன இடத்தில் பெறவேண்டும் என்பது அல்ல. நீதிபதிகளே இடத்தை விட்டுக் கல்வியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜெர்மன்காரர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். ஜெர்மனியில் இருப்பது பள்ளிக்குப் போகும் கடமை, பக்கத்து ஆஸ்திரியாவில் இருப்பது பாடம் பெறும் கடமை. அதனால் ஆஸ்திரியாவில் அறிவிப்பு கொடுத்துவிட்டு வீட்டில் சொல்லிக்கொடுக்கலாம், ஜெர்மனியில் கிறிஸ்தவப் பெற்றோர் நீதிமன்றம் ஏறினார்கள், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006-ல் அவர்கள் மனுவை ஏற்கவில்லை. இரண்டு நாட்டுச் சட்டத்தையும் ‘கட்டாயக் கல்வி’ என்ற ஒரே சொல்லில் அடைக்கும் தமிழ்ச் செய்திகளை வாசித்தால் அந்தப் பெற்றோர் எதற்காகப் போராடினார்கள் என்றே புரியாது.

அடுத்து ‘இல்லக்கல்வி’. தனித்தமிழ் அன்பர்கள் சிலர் இதைத் தூக்கிப்பிடிக்கிறார்கள். இல்லமும் தமிழ்தான், வீடும் தமிழ்தான், தூய்மைக் கணக்கில் ஒன்றுக்கொன்று குறைவில்லை. ஆனால் இன்று ‘இல்லம்’ என்றால் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், ஆதரவற்றோர் இல்லம். அப்பா அம்மாவோடு இருக்கும் பிள்ளையின் படிப்பை அந்தச் சொல்லால் குறித்தால் நேர் எதிரான படம்தான் மனதில் வரும். போதாததற்கு 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ வேறு இருக்கிறது. அது கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத் தன்னார்வலர்கள் சாயங்காலத்தில் சொல்லித்தந்த திட்டம்.

‘திண்ணைப் பள்ளி’ என்று எழுதியவரும் உண்டு. பழைய சொல்லை மீட்கும் ஆசை புரிகிறது. திண்ணைப் பள்ளியில் ஓர் அண்ணாவி இருப்பார், ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள், மணலில் எழுதுவார்கள், மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இளையவர்களை ஏவுவான். பெற்றோர் பணமோ நெல்லோ கொடுத்து அனுப்பிவைத்த இடம் அது. வீட்டுத் திண்ணையில் நடந்தாலும் பள்ளிதான், வெளியார் கையில் பிள்ளையை விட்ட பள்ளிதான்.

ஆக என் சொல் ‘வீட்டுக்கல்வி’. நடுவில் க் போட்டு, சேர்த்து ஒரே சொல்லாக. கொரோனாவில் பள்ளிக்கூடம் செல்போன் வழியாக வீட்டுக்கு வந்ததே, அதற்கு இந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. அது பள்ளிப் படிப்பு, உட்கார்ந்த இடம் மட்டும்தான் வீடு.

தலைப்புக்கும் பெயருக்கும் வீட்டுக்கல்வி போதும். வாக்கியத்துக்குள் வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் ஹோம்ஸ்கூல் என்பது வினையாகவும் வரும். உடனே நம் ஆட்கள் ‘வீட்டுக்கல்வி செய்கிறார்கள்’, ‘வீட்டுக்கல்வியளிக்கப்பட்ட பிள்ளை’ என்று எழுதுகிறார்கள். தமிழில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? ‘பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்’, ‘வீட்டில் படித்த பிள்ளை’. சொல்லிக்கொடுத்தல் என்று ஒரு வினையை நம் பாட்டிமார் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், சொல்வதும் கொடுப்பதும் சேர்ந்த சொல், அதைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்கிவிட்டு அகராதியைப் புரட்டுகிறோம்.

அதே கட்டுரையில் இன்னொன்று. வாரம் ஒருநாள் பல குடும்பங்கள் சபை ஹாலில் கூடுவார்கள், ஒரு தாய் அறிவியல் எடுப்பார், இன்னொருவர் இசை எடுப்பார். அதை அங்கே கோ-ஆப் என்பார்கள். பெயர்த்தவர் ‘கூட்டுறவுச் சங்கம்’ என்று எழுதியிருந்தார். வாசிப்பவருக்கு ரேஷன் கடையும் பயிர்க்கடனும்தான் நினைவுக்கு வரும். ‘கூடிப் படிக்கும் குழு’ என்று மாற்றினேன். பெயர்ப்பவர்கள் பலரும் சபைமேல் அன்பால் சம்பளமில்லாமல் செய்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சொல்லை எழுதுவதற்கு முன், அந்த மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒருதரம் மனதில் பார்த்துவிட்டு எழுதினால் இந்தப் பிழைகளில் பாதி வராது.

தலைப்பை ‘சில கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கின்றன?’ என்று திருத்தினேன். நீளம்தான், இரண்டு வரி பிடித்தது. அச்சாகி வந்ததும் அந்தப் பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் வாசித்தார்.

“ஓ, பெத்தவங்களே சொல்லிக் குடுக்காங்களா” என்றார். பிறகு மடிக்காமல் உட்கார்ந்து முழுக் கட்டுரையையும் படித்தார்.