பழைய தூணும் புதுத் தூணும் சேர்ந்து குறுகுவதில்லை

சிட்னியின் சர்குலர் கீ துறைமுகத்துக்கு அருகே ஏஎம்பி காப்பீட்டு நிறுவனத்துக்காக 1976-ல் எழுந்த அலுவலகக் கோபுரம், 2022-ல் 206 மீட்டர் உயர 'கீ குவார்ட்டர் டவர்' ஆக மறுபடி திறந்தது. பழைய தூண், பீம், தளங்களில் சுமார் 65 விழுக்காடும், லிஃப்ட் குழிகளைச் சூழ்ந்த மையச் சுவர்களில் 95 விழுக்காடும் இன்னும் அதற்குள் நிற்கின்றன. துறைமுகம் பார்த்த வடபுறத் தளங்களை வெட்டியெடுத்து, அங்கே அகலமான புதுத் தளங்களை இணைத்தார்கள். தளப்பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. முழுதாக இடித்துக் கட்டாததால் தவிர்க்கப்பட்ட கார்பன் உமிழ்வு சுமார் 12,000 டன் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு.

வெட்டுவதற்கே ஒரு வரிசை உண்டு. ஒவ்வொரு தளமும் தூணைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு மூன்று தளங்களை எடுத்துவிட்டால் பிடியில்லாத தூணின் நீளம் கூடி, அது வளைந்து முறியக்கூடும். அதனால் தாங்கு கட்டமைப்பு கொடுத்த பிறகே அறுக்க வேண்டும்.

இணைப்புக்குப் பழைய கான்கிரீட்டில் துளையிட்டு, எபாக்சிப் பசையால் புதுக் கம்பிகளைப் பதிப்பது வழக்கம். துளைக்கும் முன் உள்ளே கம்பி ஓடும் இடத்தை ரேடாரால் பார்த்துவிடுவார்கள். துளையில் தூசி தங்கினால் பசை தூசியைத்தான் பிடிக்கும். பாரம் ஏறும்போது கம்பி உருவிக்கொண்டு வந்துவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் குறுகிக்கொண்டே இருப்பது. ஈரம் உலர உலரச் சுருங்கும். பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல அமுங்கும். பொறியாளர்கள் இரண்டாவதை 'ஊர்தல்' என்பார்கள். மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் என்றாலும் 200 மீட்டர்த் தூணுக்கு 100 மில்லிமீட்டர், அதாவது பத்து சென்டிமீட்டர். நாற்பது ஆண்டு நின்ற பழைய தூண் இதில் பெரும்பகுதியை முடித்துவிட்டது. பக்கத்தில் எழும் புதுத் தூண் இனிமேல்தான் தொடங்குகிறது. இரண்டையும் உடனே இறுகப் பிணைத்தால் தளம் புதுப்பக்கம் சரியும், இணைப்பில் விரிசல் விடும், புதுத் தூண் இறக்கும் பாரம் பழைய தூணின் தலையில் ஏறும்.

இதற்கு எளிய வழி, காத்திருப்பது. பழைய தளத்துக்கும் புதுத் தளத்துக்கும் நடுவே ஒரு பட்டையைக் கான்கிரீட் இடாமல் விட்டுவைத்து, புதுப் பகுதி மேலே எழுந்து தன் ஆரம்பக் குறுகலை முடித்த பிறகு அதை நிரப்புவார்கள். எஞ்சும் குறுகலுக்கு ஈடாகப் புதுத் தளங்களைச் சில மில்லிமீட்டர் உயர்த்தியே வார்ப்பதும் உண்டு.

புதிய எடை பெரும்பாலும் வடபுறமே சேர்வதால் மையச் சுவரும் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். அதனால் இத்தகைய வேலையில் அளவுக்கருவிகள் சாய்வைத் தொடர்ந்து பதிவுசெய்ய வேண்டும்; கணித்ததைவிடக் கூடினால் அடுத்த தளத்தின் மட்டத்தைத் திருத்திவிட்டுத்தான் வார்க்க வேண்டும்.