எறும்பு வேஷம் போட்ட பால்காரி

டாக்ஸியஸ் என்ற பேரினத்தை, சிலந்தி தேடி அலையும் ஆட்களைத் தவிர வேறு யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. குதிக்கும் சிலந்திகளில் ஒரு கிளை, பார்க்க அச்சு அசல் எறும்பு. சிலந்திக்கு எட்டுக் கால், எறும்புக்கு ஆறுதானே, அந்தக் கணக்கைச் சரிக்கட்ட முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு திரியும். எறும்பென்றால் கடிக்கும் என்று பல வேட்டைப் பிராணிகள் ஒதுங்கிப் போய்விடும், அதற்குத்தான் இந்த வேஷம்.

வேஷம் போடுகிற சிலந்திகள் வேறு பேரினங்களிலும் நிறைய உண்டு, அதை விடுங்கள். சீனாவின் யுன்னான் மாநிலத்தில், சிஷுவாங்பன்னா தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் டாக்ஸியஸ் மேக்னஸ் என்ற இனத்தை உற்றுக் கவனித்தது வேறொரு புதிருக்காக. குஞ்சு பொரித்து 20 நாள் வரை தாய் கூட்டுக்குள் இரை எதையும் கொண்டுவரவில்லை, குஞ்சுகளும் வெளியே போகவில்லை, ஆனால் மளமளவென்று வளர்ந்தன. பொரிக்கும்போது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதவை 20 நாளில் தாயின் நீளத்தில் பாதியைத் தாண்டிவிட்டன. அப்படியானால் சாப்பாடு எங்கிருந்து வந்தது?

தாயின் வயிற்றை லேசாக அழுத்தி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முட்டை வெளிவரும் அதே மடிப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் திரவம் வந்தது. முதல் வாரம் தாய் அதைக் கூட்டின் பரப்பில் துளிகளாக விட்டுவைக்கிறது, குஞ்சுகள் வந்து உறிஞ்சிக்கொள்கின்றன. அப்புறம் நேராகத் தாயின் வயிற்றிலேயே வாய் வைத்துக் குடிக்கின்றன. அதில் புரதம் பசும்பாலில் இருப்பதைப் போல் சுமார் நான்கு மடங்கு, கொழுப்பும் சர்க்கரையும் மிகக் குறைவு.

இது இல்லாமல் குஞ்சுகளால் பிழைக்க முடியுமா என்று பார்க்க அவர்கள் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது: ஆபீசில் எழுத்துப் பிழையை மறைக்கப் பூசுவோமே, அந்த வொயிட்னரை எடுத்து மடிப்பின் மேல் தடவி அடைத்துவிட்டார்கள். குஞ்சுகளின் வளர்ச்சி நின்றது, சுமார் 10 நாளில் எல்லாம் செத்துப்போயின.

20 நாளுக்குப் பிறகு குஞ்சுகள் பகலில் வேட்டைக்குப் போகும், கூட்டுக்குத் திரும்பியதும் பாலும் குடிக்கும், சுமார் 40 நாள் வரை இப்படியே ஓடும். கூட்டைச் செப்பனிடுவது, உரித்த தோல்களை வெளியே தள்ளுவது எல்லாம் தாயின் வேலை. பாலைவிட எனக்கு விநோதமாகப் படுவது இதற்கு அடுத்த கட்டம். வயசுக்கு வந்த மகள்களைத் தாய் கூட்டுக்குள் விடுகிறது, மகன்கள் வந்தால் பாய்ந்து விரட்டுகிறது. கூடப்பிறந்ததுகளுக்குள்ளேயே இணை சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

2018இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. பால் எப்படித் தோன்றியது என்பதற்கும் ஓர் ஊகம் வைத்திருக்கிறார்கள். சில உயிரினங்கள் குஞ்சுக்குத் தீனியாகவே பொரியாத முட்டைகளை இடும், அப்படிப்பட்ட முட்டைதான் இங்கே காலப்போக்கில் திரவமாகியிருக்கலாம். பால் வருவது முட்டை வரும் வழியாகத்தானே!