பத்து மணிக்கு லாக்கில் ஒரு ஏற்றம்

ஓ.எம்.ஆரில் ஒரு அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற லாக் தினமும் கண்ணில் படும். "எல்லாம் யூடியூப்தானே?" என்பார்கள் மேனேஜர்கள்.

அப்படி இல்லை. காலை 10 மணிக்கு ஒரு ஏற்றம், 11 மணிக்கு இன்னொன்று. முதலாவது ஏசி தட்கல், அடுத்தது ஸ்லீப்பர் தட்கல். அப்புறம் ஈபி பில், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், கோடையில் மெட்ரோ வாட்டர் லாரி. பல வேலைகள் அலுவலக நேரத்தில்தான் நடக்கும். தட்கலுக்காக யாரும் லீவு போட முடியாது.

வெட்டியாக மேய்வதும் உண்டு, மறுக்கவில்லை. மேட்ச் நாளில் லாக்கே சொல்லிவிடும். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒருமுறை மேலிட உத்தரவுப்படி ஷாப்பிங் தளங்களை முடக்கினேன். டீமில் ஒரு பையன் நேராக வந்தான். "ண்ணா, ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டப்ப லாகின் பண்ணேன்ல, அது யாரோட நேரம்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. சிங்கப்பூர்ப் பேராசிரியர் விவியன் லிம் 2002இல் எழுதிய ஆய்வும் இதைத்தான் பேசுகிறது: நிறுவனம் தன்னை நியாயமாக நடத்தவில்லை என்று நினைப்பவர், உழைத்ததை வரவிலும் மேய்ந்ததைச் செலவிலும் எழுதி மனசுக்குள் நேர்செய்துகொள்கிறார்.

முடக்கியதில் என்ன லாபம்? எல்லோரும் போனோடு மாடிப்படிக்குப் போனார்கள். பத்து நிமிட வேலை அரை மணி நேரமானது.

தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இன்காக்னிட்டோ என்ற தனி விண்டோ உங்கள் பிரவுசரில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். எங்கள் லாக்கில் தளத்தின் பெயர் விழும். அலுவலக லேப்டாப்பில் நிறுவனத்தின் டிஜிட்டல் சான்றிதழ் ஏற்றியிருந்தால், பூட்டுக் குறி போட்ட பக்கத்துக்குள்ளும் பார்க்க முடியும். வங்கி வேலையைச் சொந்த போனில், சொந்த டேட்டாவில் முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. "இன்றிரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று ஒரு போலி மெசேஜ் சுற்றுகிறதே, அதை நம்பி ஒருவர் அலுவலக லேப்டாப்பில் எதையோ இறக்கிவிட்டார். சொந்த வேலைக்கு நெட் கூடாது என்ற விதி இருந்ததால் பயந்துபோய் இரண்டு நாள் மூச்சே விடவில்லை. அந்த இரண்டு நாளும் மெஷின் நெட்வொர்க்கில்தான் இருந்தது. தெரியாமல் அழுத்திவிட்டால் அந்த நிமிடமே கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். எதற்காகத் திறந்தீர்கள் என்று கேட்க மாட்டேன்.