ஃபில்லெட்டுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ்: ஐரோப்பாவின் மீன்பிடிச் சான்று விதி

ஒரு களவா மீனைத் தோலுரித்து, நடுமுள்ளை எடுத்து, ஃபில்லெட் எனப்படும் இரண்டு வெள்ளைச் சதைத் துண்டுகளாகத் தட்டில் வைத்துவிட்டால், கரையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் அது எந்தக் கடலில் பட்ட மீன் என்று சொல்லத் தெரியாது. செதிலும் செவுளும் போன பிறகு அடையாளம் ஏது? அதனால் கடலில் பிடித்த மீன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போக வேண்டுமானால், கூடவே ஒரு தாளும் போக வேண்டும். ஏற்றுமதிக்காரர்கள் அதைக் ‘கேட்ச் சர்டிஃபிகேட்’ என்பார்கள். 2008-இல் போட்ட விதி, 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. திருட்டுத்தனமாகவோ கணக்கில் காட்டாமலோ பிடித்த மீன் உள்ளே வரக்கூடாது என்பதற்காக.

படகின் பெயர், பதிவு எண், உரிமம், மீன் இனம், பிடித்த கடற்பகுதி, தேதி, எடை எல்லாம் அதில் இருக்கும். படகு எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ, அந்த நாட்டு அதிகாரிகள் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும். இந்தியப் படகு என்றால் எம்பீடா, அதாவது கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம். மீனை வெட்டிய ஆலை எந்த நாட்டில் இருந்தாலும் படகின் கொடிதான் கணக்கு. ரஷ்யப் படகு பிடித்த பொல்லாக் மீன் சீன ஆலையில் ஃபில்லெட்டாகி ஐரோப்பாவுக்குப் போனால், ரஷ்யச் சான்றோடு சீன ஆலையின் அறிக்கை ஒன்றும் வேண்டும். எவ்வளவு மீன் உள்ளே வந்தது, எவ்வளவு ஃபில்லெட் வெளியே போகிறது என்று அதில் காட்டியாக வேண்டும். தலை, எலும்பு, தோல் கழிந்தால் பல மீன்களில் பாதி எடைகூடத் தேறாது. 10 டன் மீனுக்கு 9 டன் ஃபில்லெட் என்று எழுதினால், மீனைத் தொட்டே பார்க்காத சுங்க அதிகாரியும் சிரிப்பார்.

நம் துறைமுகங்களில் சிக்கல் வேறு இடத்தில். ஏலம் எடுத்த வியாபாரி நாலைந்து படகு மீனை ஒன்றாகக் கொட்டி ஐஸ் போட்டுவிடுகிறார். அப்புறம் எந்தப் படகில் எத்தனை கிலோ என்று யாரைக் கேட்பது? ஏலச் சீட்டில் படகு எண்ணையும் எடையையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி.

சின்னப் படகுகளுக்குச் சலுகை உண்டு. இழுவை வலை இல்லாத, 12 மீட்டருக்குக் குறைந்த படகு, இழுவை வலை இருந்தால் 8 மீட்டருக்குக் குறைந்த படகு போன்றவற்றின் மீனைச் சேர்த்து, ஏற்றுமதியாளரே ஒரே எளிய சான்றாக வாங்கலாம். ஃபைபர் படகுக்காரர் தனித்தனியே படிவம் நிரப்ப வேண்டாம். ஆனாலும் எந்தப் படகு எவ்வளவு தந்தது என்ற பட்டியலை இணைத்தாக வேண்டும். ஆக, அந்த ஏலச் சீட்டு இங்கும் தேவை.

குஞ்சிலிருந்து பண்ணையில் வளர்த்த மீனுக்கும் இறாலுக்கும், நன்னீர் மீனுக்கும் இந்தச் சான்று வேண்டாம். திருட்டு மீன்பிடிப்பைத் தடுக்கவில்லை என்று வியட்நாமுக்கு 2017 அக்டோபரில் ஐரோப்பா மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்தபோதும், மேக்கோங் ஆற்றுப் பண்ணைகளில் வளரும் பாசா என்ற கெளுத்தி வகை மீனின் ஃபில்லெட் அந்த விவகாரத்தில் மாட்டாததற்கு இதுதான் காரணம்.

மஞ்சளுக்குப் பிறகும் ஒரு நாடு திருந்தாவிட்டால் சிவப்பு அட்டை, அதாவது இறக்குமதித் தடை. இலங்கைக்கு 2012-இல் மஞ்சள் வந்தது. 2015 ஜனவரியில் தடையே வந்துவிட்டது. 2016 ஜூனில் தடை நீங்கும்வரை, ஒழுங்காகத் தொழில் செய்த பல நாள் படகுக்காரரின் சூரை மீனுக்கும் ஐரோப்பியக் கதவு மூடியே கிடந்தது. யாரோ செய்த தப்புக்கு எல்லாருக்கும் தண்டனை என்பது இந்த விதியின் கசப்பான பக்கம்.

2026 ஜனவரி 10 முதல் ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் சான்றை ‘கேட்ச்’ என்ற கணினி அமைப்பில் பதிவேற்றுவது கட்டாயமாகியிருக்கிறது. படிவமும் மாறிவிட்டது. பழைய படிவத்தின் ஜெராக்ஸ் மேசையில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, எம்பீடா அலுவலகத்தில் புதியதைக் கேட்டு வாங்குங்கள்.