டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்: மாறுவோர் பதிவேடும் ரசிகர் ஆற்றாமையும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்கிறவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் ஓயாமல் கேட்கும் சொல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். தாம் படித்து ஆடும் கல்லூரியை விட்டு வேறொரு கல்லூரிக்குப் போக நினைக்கும் வீரரின் பெயரைப் பதிந்துவைக்கும் தரவுத்தளம் அது. என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதை நடத்துகிறது. 2018 அக்டோபர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. "அவன் போர்ட்டலில் ஏறிவிட்டான்" என்று ஒரு ரசிகர் சொன்னால், பெரும்பாலும் "இனி அவன் நம்மவன் இல்லை" என்றே பொருள். பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு, ஆனால் குறைவு.

ஐரோப்பியக் கால்பந்து பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். அங்கே ஒரு வீரர் கழகம் மாறினால், வாங்கும் கழகம் விற்கும் கழகத்துக்கு மாற்றுக்கட்டணம் தரும். தங்கள் நாயகனை இழந்த ரசிகருக்கு, அந்தப் பணத்தில் இன்னொருவரை எடுக்கலாம் என்ற ஆறுதலாவது மிஞ்சும். கல்லூரிக் கூடைப்பந்தில் அப்படியொரு கட்டணம் வழக்கத்தில் இல்லை. சிறிய கல்லூரி இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து வளர்த்த வீரர் பெரிய கல்லூரிக்குப் போனால், வளர்த்த இடத்துக்குக் கிடைப்பது வெற்றிடம் மட்டுமே. ஆகவே இதை 'வீரர் விற்பனை' என்றோ 'ஏலம்' என்றோ எழுதுவது தவறு.

சொல்லின் வேர்

டிரான்ஸ்ஃபர் லத்தீன் வழி வந்த சொல். டிரான்ஸ் என்றால் அப்பால், குறுக்கே. ஃபெர்ரே என்றால் சுமத்தல், கொண்டுபோதல். சேர்த்தால் 'அப்பால் கொண்டுசேர்த்தல்'. போர்ட்டல் என்பதற்கு மூலம் வாயில் என்று பொருள்படும் போர்ட்டா. அதிலிருந்து பிறந்த போர்ட்டாலே இடைக்கால லத்தீனில் நகர வாயிலையும் முகப்பையும் குறித்தது. 1990களில் இணையம் அதை எடுத்துக்கொண்டது. தமிழில் வலைவாசல் என்று வழங்குவது அந்தப் பொருளைத்தான்.

ஆனால் கல்லூரி விளையாட்டில் இருக்கும் இந்தப் போர்ட்டல், யாரும் நுழைந்து வெளியேறும் வாசல் போன்றதன்று. பொதுமக்கள் அதைத் திறந்து பார்க்கவும் முடியாது. கல்லூரி அலுவலர்களும் பயிற்சியாளர்களும் பார்க்கிறார்கள். செய்தியாளர்களுக்கு அவர்கள் வழியாகக் கசிகிறது. பெயர், கல்லூரி, பதிந்த நாள், நிலை ஆகியவை கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். அதனால் 'மாற்ற வாசல்', 'இடமாற்ற வலைவாசல்' ஆகியவற்றைவிட 'மாறுவோர் பதிவேடு' என்பதே பொருந்தும். பதிவேடு என்றதும் அங்கே நடக்கும் வேலை புரிந்துவிடுகிறது.

'மாற்றப்படுவோர்' என்றில்லாமல் 'மாறுவோர்' என்றதற்கும் காரணம் உண்டு. தமிழில் மாறு தன்வினை, மாற்று பிறவினை. அலுவலகத்தில் ஒருவரை மாற்றுகிறார்கள். வீட்டுக்காரர் தாமே வீடு மாறுகிறார். 2018க்கு முன் கல்லூரி வீரரின் நிலை பிறவினையாகவே இருந்தது. வேறு கல்லூரியின் பயிற்சியாளர் அவரிடம் பேசி உதவித்தொகை தர வேண்டுமானால், பழைய கல்லூரி அனுமதி கொடுக்க வேண்டும். நம் பள்ளிகளில் மாற்றுச் சான்றிதழ் தராமல் இழுத்தடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அதிகாரம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. 'எங்கு வேண்டுமானாலும் போ, இந்தக் கல்லூரிகளுக்கு மட்டும் போகாதே' என்று பட்டியல் போட்ட பயிற்சியாளர்கள் இருந்தார்கள். 2017இல் பட்டப்படிப்பையே முடித்துவிட்ட கேமரன் ஜான்சன் என்ற வீரர் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உடனே ஆட முடியாதபடி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் முதலில் தடுத்தது, எதிர்ப்பு எழுந்தபின் விட்டுக்கொடுத்தது. 2018 விதி இந்த அனுமதியை நீக்கிவிட்டு, 'தெரிவித்தால் போதும்' என்று மாற்றியது. மாற்றுதல் அன்றுதான் மாறுதல் ஆயிற்று.

நடைமுறை

வீரர் முதலில் கல்லூரி மாறுவதன் விளைவுகளை விளக்கும் இணையப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். பிறகு எழுத்து மூலம் விண்ணப்பிக்கிறார். கல்லூரியின் விதி கண்காணிப்புப் பிரிவு இரண்டு வேலைநாளுக்குள் பெயரை ஏற்றியாக வேண்டும், மறுக்க முடியாது. பெயர் ஏறியபின்தான் மற்றப் பயிற்சியாளர்கள் அழைக்கலாம். போகும் இடத்தை முன்பே முடிவுசெய்தவர்கள் 'தொடர்புகொள்ள வேண்டாம்' என்ற குறிப்பைச் சேர்க்கச் சொல்வார்கள். அந்தக் குறிப்போடு ஒரு பெயர் வந்தால், பேச்சு எப்போது தொடங்கியது என்று ரசிகர்கள் கணக்குப் போடத் தொடங்குவார்கள். பெயர் ஏறுமுன் இடையாட்கள் மூலம் ஆசைகாட்டுவது விதிமீறல். அவர்கள் மொழியில் டாம்பரிங்; தமிழில் கள்ளத்தூது எனலாம்.

எப்போது வேண்டுமானாலும் பதிய முடியாது. பதிவுக்காலம் 60 நாளாகத் தொடங்கி, 45 ஆகி, 2025இல் 30 ஆயிற்று. அந்த ஆண்டு ஆடவர் கூடைப்பந்துக்கு அது மார்ச் 24 முதல் ஏப்ரல் 22 வரை. தேசியப் போட்டியின் இறுதி ஆட்டமோ ஏப்ரல் 7 அன்றுதான். வெற்றிக்காகக் கத்திக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் பிரிவுச் செய்திகளும் வந்துகொண்டிருந்தன. தலைமைப் பயிற்சியாளர் விலகினால் அந்த அணி வீரர்களுக்குத் தனிக்கால அவகாசம் உண்டு.

பதிவேட்டில் ஏறுவதில் ஆபத்தும் இருக்கிறது. பெயர் ஏறியதும் அந்தப் பருவ முடிவில் உதவித்தொகையை நிறுத்தப் பழைய கல்லூரிக்கு உரிமை வந்துவிடும். 2025 வசந்தத்தில் ஆடவர் முதல் பிரிவில் மட்டும் பதிந்தவர்கள் 2,000 பேரைத் தாண்டினார்கள். அத்தனை பேருக்கும் நல்ல இடம் கிடைப்பதில்லை. சிலர் கீழ்ப்பிரிவுக்கு இறங்குகிறார்கள், சிலருக்கு அழைப்பே வருவதில்லை. படிப்பிலும் அடி விழும். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்கு வேண்டியதில் 40 விழுக்காடும், நான்காம் ஆண்டுக்கு 60 விழுக்காடும் முடித்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரு கல்லூரியில் படித்த பாடத்தை இன்னொன்று ஏற்காமல் போனால் அந்தக் கணக்கு சரிந்துவிடும்.

கதவு அகன்றது எப்படி

2018இல் பதிவேடு வந்தபோது, கூடைப்பந்து வீரர் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற பழைய விதி அப்படியே இருந்தது. 2021 ஏப்ரலில், ஒரு முறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றார்கள். அதே ஆண்டு ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம் என்றாயிற்று. இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய நிலை. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இரண்டாம் முறை மாறுகிறவர்கள் மீதான தடையை நிறுத்திவைத்தது. 2024 ஏப்ரலில் சங்கமே, படிப்பில் தேறியவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம் என விதியைத் திருத்தியது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றாயிற்று. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர்.

ரசிகர் படும் பாடு: ஆற்றாமை

இந்த வலியைத் தமிழில் 'துரோகம்' என்று எழுதும் பழக்கம் வந்துவிட்டது. அது தவறான சொல் மட்டுமல்ல, அநியாயமான சொல்லும்கூட. வாக்கை மீறினால்தான் துரோகம். பயிற்சியாளர்கள் ஒப்பந்தத்தின் பாதியில் வேறு கல்லூரிக்குப் போய் மறுநாளே வேலை தொடங்கியபோது அதைத் தொழில் முன்னேற்றம் என்றோம். அதே உரிமை பத்தொன்பது வயது வீரருக்கு வந்ததும் பெயர் மாறக் கூடாது.

பொருந்தும் சொல் ஆற்றாமை. ஆற்றுதல் என்றால் பொறுத்தல், தாங்குதல். குறளின் 116ஆம் அதிகாரத்துக்குப் பெயரே பிரிவாற்றாமை. போகிறவர் மீது குற்றம் சாட்டாமல், தங்கிவிட்டவர் தாங்க முடியாமல் தவிப்பதைச் சொல்லும் சொல் அது. அக இலக்கணம் பிரிவுகளையும் வகைபிரித்து வைத்திருக்கிறது: கல்விக்காகப் போவது ஓதற்பிரிவு, செல்வம் தேடிப் போவது பொருள்வயிற் பிரிவு. கல்லூரி வீரரின் மாறுதல் தாளில் ஓதற்பிரிவு, நடப்பில் பெரும்பாலும் பொருள்வயிற் பிரிவு. 2022இல் நைஜல் பேக் என்ற வீரர் கன்சாஸ் ஸ்டேட்டிலிருந்து மயாமிக்குப் போனபோது, இரண்டு ஆண்டுக்கு 8,00,000 டாலர் என்று ஒப்பந்தத்தொகையே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. சங்கப் பாட்டில் பொருள்வயின் பிரிந்தவன் கார்காலத்தில் திரும்பி வருவான். இங்கே திரும்பினால் எதிரணிச் சட்டையில்தான் வருவான்.

எல்லா ரசிகருக்கும் ஒரே ஆற்றாமை இல்லை. மிகக் கடுமையானது சிறிய கல்லூரி ரசிகருடையது. நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் 2022 தேசியப் போட்டியில், 1 முதல் 16 வரை தரவரிசை தரப்படும் அணிகளில் 15ஆம் தரவரிசையோடு நுழைந்து, கென்டக்கியை 85-79 என்று வென்று, மர்ரே ஸ்டேட்டையும் பர்டூவையும் சாய்த்துக் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. அந்தத் தரவரிசையில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. வட கரோலினாவிடம் தோற்ற சில நாளிலேயே பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹாலுக்குப் போனார். வீரர்களில் டக் எடெர்ட் பிரையன்ட்டுக்கு, டேரில் பேங்க்ஸ் செயின்ட் பொனவென்ச்சருக்கு, கே.சி. என்டெஃபோ பயிற்சியாளர் பின்னாலேயே சீட்டன் ஹாலுக்கு. அந்த ஊர் ரசிகர் எதிர்பார்த்தது மறுபடி ஒரு அதிசயத்தை அன்று. அந்த முகங்களை நவம்பரில் தங்கள் அரங்கில் பார்த்துக் கைதட்டும் ஓர் ஆண்டு. அது கிடைக்கவில்லை.

பெரிய கல்லூரி ரசிகரின் துன்பம் வேறு வகை. அவருக்கு ஆள் குறைவதில்லை, அறிமுகம் குறைகிறது. 2024 ஏப்ரலில் பயிற்சியாளர் ஜான் கேலிப்பரி கென்டக்கியை விட்டு அர்கன்சாவுக்குப் போனதும், உதவித்தொகை பெற்ற வீரர்களில் ஒருவர்கூட மறு ஆண்டு அணியில் இல்லை. புதிய பயிற்சியாளர் மார்க் போப் பதிவேட்டிலிருந்தே பெரும்பகுதி அணியைக் கட்டினார். போப் 1996இல் அங்கே பட்டம் வென்ற அணியின் தலைவர்களில் ஒருவர் என்பது ரசிகர்களுக்குப் பிடிகொம்பாக இருந்தது. 2025 பிப்ரவரி 1 அன்று கேலிப்பரி அர்கன்சாவோடு கென்டக்கியின் ரப் அரங்கத்துக்கு வந்தபோது எழுந்த எதிர்ப்புக் கூச்சல், ஒரு மனிதர் மேல் மட்டும் வந்த கோபமாகத் தெரியவில்லை. அவரோடு போன ஆண்டுகளின் மேலும் வந்தது. ஆட்டத்தை அர்கன்சா 89-79 என்று வென்றது வேறு.

உள்ளூரக் கசப்பது சீனியர் நைட் எனப்படும் விடைபெறும் ஆட்டம். சொந்த அரங்கின் கடைசி ஆட்டத்தன்று, முடிக்கும் மாணவர்கள் பெற்றோரோடு களத்துக்கு நடந்து வருவார்கள். முதலாண்டில் பந்தைத் தவறவிட்ட பையன் நான்காம் ஆண்டில் ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்ததை நினைத்துக் கண்கலங்கும் இரவு அது. ஆறு மாதம் முன்பு வந்தவருக்கும் அதே நடை, அதே பூங்கொத்து. கைதட்டல் மரியாதையாக இருக்கும். நினைப்பதற்கு ஒன்றும் இருக்காது. கல்லூரி விளையாட்டு ரசிகர் உண்மையில் இழந்திருப்பது இந்த நான்காண்டு வளர்ச்சியைப் பார்க்கும் வாய்ப்பைத்தான் என்பது நம் கருத்து. பர்டூ பல்கலைக்கழக அணியைப் பாருங்கள். 2023இல் கடைசித் தரவரிசையான 16ஆம் இடத்து அணியிடம் தோற்று அவமானப்பட்ட ஸாக் ஈடி எங்கும் போகாமல் தங்கி, 2024இல் அணியை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். யூகான் எனப்படும் கனெக்டிகட் பல்கலைக்கழகத்திடம் 75-60 என்று தோற்றபோதும் பர்டூ ரசிகர்கள் அந்த அணியைக் கொண்டாடியதற்குக் காரணம் அதுதான்.

வந்தவர் மேல் பாசம் ஒட்டாது என்று முடிவுகட்டவும் முடியாது. வால்டர் கிளேட்டன் என்ற வீரர் ஐயோனா கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடி, அங்கே பயிற்சியாளர் ரிக் பிட்டினோ செயின்ட் ஜான்ஸுக்குப் போனபின், 2023இல் ஃப்ளோரிடா வந்தார். மேலும் இரண்டு ஆண்டு தங்கினார். 2025 தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஹூஸ்டனை 65-63 என்று ஃப்ளோரிடா வென்றபோது, போட்டியின் சிறந்த வீரர் அவர்தான். அதே அணியில் பெல்மான்ட்டிலிருந்து வந்த வில் ரிச்சர்டும், ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து வந்த அலைஜா மார்ட்டினும் இருந்தார்கள். அவர்களை வந்தேறிகள் என்று ஃப்ளோரிடாவில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பணம் ரசிகரையும் மாற்றியிருக்கிறது. கலெக்டிவ் எனப்படும் ஆதரவாளர் நிதிக்குழுக்கள் மாதச் சந்தா கேட்கின்றன. சந்தா கட்டியவர் ஒரு வீரர் பந்தைத் தவறவிட்டால் பரிதாபப்படுவதைவிடக் கணக்குக் கேட்கத் தொடங்குகிறார். இது ஆற்றாமையைவிட மோசமான நோய். இன்னொன்றும் ரசிகர் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது: 'உனக்கு இங்கே ஆட இடமில்லை' என்று பயிற்சியாளரே வீரரைப் பதிவேட்டுக்கு அனுப்பிவைப்பது. வெளியே வரும் செய்தியில் அதுவும் வீரரின் விருப்பமாகவே தெரியும். திட்டும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எழுதும்போது

பிரிவு அறிவிப்புகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. கடவுளுக்கு, குடும்பத்துக்கு, பயிற்சியாளருக்கு, ரசிகருக்கு நன்றி. பிறகு 'வித் தட் பீயிங் செட்' என்ற திருப்பம். அடுத்த வரியில் பதிவேடு. இதை 'அது சொல்லப்பட்டபின்' என்று பெயர்த்தால் தமிழாகாது. 'இந்நிலையில்' என்றால் போதும். செயலைக் 'கல்லூரி மாறுதல்' என்றும், தரவுத்தளத்தை 'மாறுவோர் பதிவேடு' என்றும், பதியும் நாட்களைப் 'பதிவுக்காலம்' என்றும் எழுதலாம். வீரரைத் தங்கச் செய்வதற்கு ஐபிஎல் செய்திகளில் ஏற்கெனவே நிலைத்துவிட்ட 'தக்கவைத்தல்' இருக்கிறது. தலைப்பில் 'கிளேட்டன் ஃப்ளோரிடாவுக்கு மாற்றப்பட்டார்' என்று வந்தால் திருத்துங்கள். அவர் மாறினார்.