ரோஜாவில் கரும்புள்ளி: இலையின் ஈரம் காய்ந்தால் நோய் நிற்கும்

ரோஜாவின் அடி இலைகளில் முதலில் கறுப்புப் புள்ளி விழும். பிறகு சுற்றிலும் மஞ்சள் படரும். கிளையை லேசாகத் தட்டினாலே இலை கொட்டும். டிப்ளோகார்ப்பான் ரோசே என்ற பூஞ்சையின் வேலை இது. புள்ளியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓரம் இழை இழையாகப் பிரிந்திருக்கும். இலையின் மேல்தோலுக்கு அடியில் பூஞ்சை இழைகள் நாலாபக்கமும் ஓடுவதால் வரும் தோற்றம் அது. புள்ளியே இல்லாமல் அடி இலை மஞ்சளானால் பூஞ்சையைத் தேடாமல் தொட்டியின் வடிகால் துளையைப் பாருங்கள்.

இந்தப் பூஞ்சையின் வித்துகள் பெரும்பாலும் மழைத்துளியும் பூவாளித் தண்ணீரும் தெறிக்கும்போதுதான் சருகிலிருந்து இலைக்கு ஏறுகின்றன. ஏறிய வித்து முளைத்து உள்ளே நுழைய, இலை தொடர்ந்து சுமார் 7 மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் அதற்கு ரொம்பத் தோது. அடைமழைக் காலத்தில் நோய் பெருகுவதும் கோடையில் அடங்குவதும் இதனால்தான். மாலையில் செடியின் தலையோடு தண்ணீர் ஊற்றினால் விடியும்வரை ஈரம் காயாது. காலையில், வேரடியில் ஊற்றுங்கள். தொட்டிகளுக்கு நடுவே காற்று போக இடம் விடுங்கள். மண்ணின் மேல் 5 செ.மீ. தேங்காய் நார் அல்லது புது வைக்கோல் பரப்பினால் தெறிப்பும் குறையும்.

உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். வீட்டு உரக்குழியில் போட வேண்டாம், பூஞ்சையைக் கொல்ல அந்தச் சூடு போதாது. தண்டிலும் ஊதாநிறத் திட்டு இருக்கும், பலர் கவனிப்பதில்லை. அதற்குக் கீழே, நல்ல பகுதியில் வெட்டுங்கள்.

மருந்தடித்தால் புள்ளி மறையாது. புது இலைதான் தப்பும். மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி 2 கிராமை முதலில் சிறிது தண்ணீரில் குழம்பாகக் கரைத்து, பிறகு 1 லிட்டராக்கி, இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். இது இலைக்குள் ஊடுருவாது. மேலே படிந்து காக்கும். ஆகவே கனமழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும். இல்லையேல் 10 நாள் இடைவெளி போதும். நோய் முற்றியிருந்தால் ஊடுருவும் கார்பன்டாசிம், லிட்டருக்கு 1 கிராம். அதையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கையுறையும் முகக்கவசமும் அவசியம்.

மஞ்சள் ரோஜா ரகங்கள் பலவற்றுக்கு இந்த நோய் எளிதில் வரும். 1900இல் பிரான்சில் வெளியான ‘சோலேய் தோர்’ ரகத்தின் வழியாக, நோய் தாங்காத பாரசீக மஞ்சள் ரோஜாவின் ரத்தம் அவற்றில் கலந்தது. குல்கந்துக்குப் பூ எடுக்கும் செடியா? அதில் இந்த மருந்துகள் வேண்டாம். சருகு அகற்றுவதும் வெட்டிவிடுவதும் மட்டுமே.