பதம் என்பது எத்தனை டிகிரி?

சித்திரை வெயிலில், மதுரை வீட்டு அடுப்படியில் நான் முதன்முதலாகச் சுட்ட கேரட் சீஸ்கேக் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. துண்டு போட்டதும் அடியில் தண்ணீர் கசிந்தது. பிஸ்கட் அடுக்கு நனைந்த பொரி மாதிரி ஊறிப்போயிருந்தது. குறிப்பில் இருந்த அளவில் ஒரு கிராம்கூட மாற்றவில்லை. அம்மாவின் நோட்டிலோ கேரட் அல்வாவுக்கு மூன்றே வரிதான். கடைசி வரி, ‘நெய் பிரியும் வரை கிண்டவும்’. அந்த அல்வா ஒருநாளும் தண்ணீர் விட்டதில்லை.

பெயரில் கேக் இருந்தாலும் சீஸ்கேக் உண்மையில் ஒரு கஸ்டர்ட். அதைக் கட்டி நிறுத்துவது மாவு அல்ல, முட்டை. முட்டையின் புரதங்கள் நூல்கண்டு போலச் சுருண்டிருப்பவை. சூடேறினால் அவை அவிழ்ந்து, ஒன்றையொன்று பற்றி வலையாகும். சீஸின் கொழுப்பும் தண்ணீரும் அந்த வலைக்குள் அடங்கிவிடும். கேக்கின் நடுப்பகுதி 65 முதல் 70 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே போதும். அதைத் தாண்டிச் சூடு ஏற ஏற வலை இறுகி, பிடித்து வைத்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். 85 டிகிரிப் பக்கம் போனால் திரிந்த பாலின் கதைதான். ஆறும்போது கேக் சுருங்கும். ஓரம் அச்சில் ஒட்டிக்கொண்டிருப்பதால் நடுவில் கிழியும்.

அச்சை வெந்நீர்த் தட்டில் வைத்துச் சுடச் சொல்வது இதற்காகத்தான். ஓவன் 160 டிகிரியில் இருந்தாலும் அச்சைச் சுற்றியுள்ள தண்ணீர் 100-ஐத் தாண்டாது. இட்லிக் கொப்பரைக்குள் இட்லி கருகாமல் வேகும் அதே காரணம்.

வெடிப்புக்கு அது விளக்கம். கசிவுக்குக் கேரட்டைப் பார்க்க வேண்டும். கொடைக்கானல் மலையிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வந்து இறங்கும் கேரட்டின் எடையில் சுமார் 88 சதவீதம் தண்ணீர். கால் கிலோவைப் பச்சையாகத் துருவிப் போட்டால், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கேரட்டுக்குள் ஒளித்துச் சேர்த்த மாதிரி. சூட்டில் கேரட்டின் செல்சுவர்கள் தளர்ந்து அத்தனையும் மெல்ல வெளியேறும். முட்டை வலை நீர்த்துப்போய்க் கட்டாது. இன்னும் வேகவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பத்து நிமிடம் வைப்போம். நான் வைத்தேன், வெடித்தது.

இந்த இடத்தில்தான் அம்மாவின் வரி எனக்குப் புரிந்தது. வாணலியில் தண்ணீர் இருக்கும்வரை கொடுக்கிற சூடெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகும். நெய்யும் ஈர விழுதோடு கலந்தே கிடக்கும். தண்ணீர் போனபிறகுதான் நெய் ஓரத்தில் ஒதுங்கும். அதுவும் செம்மஞ்சளாக ஒதுங்கும், ஏனென்றால் கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையும். ‘நெய் பிரியும் வரை’ என்பது ஈரம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அளவுகோல். நம் சமையலறையின் மிகத் துல்லியமான சொற்களில் இதை வைப்பேன்.

எழுதிவைத்த சமையலின் வரலாறு முழுக்க இந்தப் பதத்தை எழுத்தில் பிடிக்கும் முயற்சிதான். சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகளில் இறைச்சிக் குழம்புகளுக்குப் பொருள்கள் உண்டு, அளவு பெரும்பாலும் இல்லை. பாண்டியன் வரகுணனின் 9-ஆம் நூற்றாண்டு அம்பாசமுத்திரக் கல்வெட்டில் நிலைமை நேர்மாறு. கோயில் படையலுக்கு அரிசி, நெய், தயிர், மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி என்று அளவோடு வெட்டியிருக்கிறார்கள். செய்முறை இல்லை. அது கணக்கு; பக்குவம் மடைப்பள்ளியின் கையில் இருந்தது.

கி.மு. 160 வாக்கில் ரோமானியர் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில் சீஸ்கேக்கின் மூதாதை இருக்கிறது: இரண்டு பவுண்டு சீஸ், ஒரு பவுண்டு மாவு, ஒரு முட்டை, அடியில் இலை போட்டு, சூடான அடுப்புத்தளத்தில் மண்சட்டி கவிழ்த்து ‘மெதுவாக’ சுட வேண்டும். வெப்பமானி இல்லாத காலத்தில் 160 டிகிரிக்கான சொல் அந்த ‘மெதுவாக’.

1896-இல் அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் தன் சமையல் நூலில் கரண்டியைத் தலைதட்டி அளக்கச் சொன்னார். தமிழில் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வந்தது. இந்தியாவில் மெட்ரிக் அளவு நடைமுறைக்கு வரத் தொடங்கியது 1958-இல்தான்.

எண்களிலும் ஊர் ஒளிந்திருக்கிறது. ‘அறை வெப்பநிலைக்கு வரும்வரை சீஸை வெளியே வைக்கவும்’ என்று எழுதியவரின் அறை 20 டிகிரி. சித்திரையில் என் அடுப்படி 36. குறிப்புப்படி இரண்டு மணி நேரம் வைத்த சீஸ் கூழாகிவிட்டது.

அடுத்த முறை கேரட்டை நெய்யில் வதக்கி, ஓரத்தில் நெய் ஒதுங்கிய பிறகு ஆறவைத்துச் சேர்த்தேன். நடுவில் செருகிய வெப்பமானி 68 காட்டியதும் ஓவனை அணைத்து, அச்சை அசைத்துப் பார்த்தேன். ஓரம் நின்றது, நடு மட்டும் சற்றே தளும்பியது. ஓரத்தைக் கத்தியால் விடுவித்து ஆறவிட்டேன். அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு, நோட்டில் அல்வாவுக்கு அடுத்த பக்கத்தில் எழுதச் சொன்னார். ‘நடு மட்டும் தளும்பும் வரை’ என்று எழுதி, பக்கத்தில் 68 என்று போட்டேன்.